ஒரு சோடிக்குத்தான் காசு இருக்கிறது: திருகோணமலையில் எதை வாங்கலாம்?

கையில் ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் கலியாணம், அதற்கு அடுத்த மாதம் புது வேலை. இன்னொரு சீலை எடுப்பதா, நல்ல சப்பாத்து வாங்குவதா? என் சித்தியின் மகள் கேட்ட கேள்வி இது. "அக்கா, காலை யாரு பாக்கப் போறாங்க?" என்றும் சேர்த்துக் கேட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதே என் பதில். கலியாண மண்டபத்தில் படியேறும்போது, அலுவலகத்தில் கதிரையில் உட்காரும்போது, சீலையின் கரை முடிகிற இடத்தில்தான் கண் போய் நிற்கிறது. அந்த இடத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பு இருந்தால் மேலே எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் உடுப்பு பாதியில் நின்றுவிட்டது போலத்தான் தெரியும்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். 20,000 ரூபாய்க்கு ஒரு பட்டுச் சீலை எடுத்து நான்கு விசேஷங்களுக்கு உடுத்தினால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய். 12,000 ரூபாய்க்கு ஒரு நல்ல தோல் சோடி வாங்கி, கிழமைக்கு இரண்டு நாள் வீதம் இரண்டு வருஷம் போட்டால் இருநூறு தடவைக்கு மேல் வரும். ஒரு தடவைக்கு 60 ரூபாய் கூட இல்லை. விலையை உங்கள் வசதிப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எப்படியும் சப்பாத்தின் பக்கம்தான் சாயும்.

ஆனால் என்னைச் சப்பாத்தின் பக்கம் நிறுத்துவது காசு அல்ல. வெறும் அரக்கு நிறத்தில், வேலைப்பாடு இல்லாத ஒரு பருத்திச் சீலையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான தோல் செருப்பு, தோளில் மாட்டும் பெரிய பை, கையில் மணிக்கூடு என்று போட்டால் அது வேலைக்குப் போகிற உடுப்பு. அதே சீலைக்குப் பொன் நிறக் குதிச் செருப்பு, கையில் அடங்குகிற சின்னப் பை, காதில் ஜிமிக்கி என்று மாற்றினால் அது மாலை விருந்துக்கான உடுப்பு. துணியில் ஒரு நூல் கூட மாறவில்லை. புதுச் சீலை ஒரு உடுப்பைத்தான் தரும். நல்ல சப்பாத்தும் பையும் அலுமாரியில் ஏற்கெனவே இருக்கும் எல்லா உடுப்பையும் புதிதாக்கும். ஆகவே முதல் கேள்விக்கு என் தீர்ப்பு சப்பாத்து.

எந்தச் சப்பாத்து என்பதுதான் கஷ்டமான பகுதி. கொழும்பில் இருப்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்து இங்கே வாங்க முடியாது. நமது ஊர் ஒரு காலணியிடம் கேட்பவை வேறு.

பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய், மான்களைத் தாண்டி மேட்டில் ஏறினால் கோணேசர் கோவில். அங்கே கழற்ற வேண்டும், திரும்பி வந்து போட வேண்டும். டொக்யார்ட் வீதியில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போனாலும் அதே. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோவிலுக்குப் போகிற பெண்ணுக்குக் குனிந்து சின்னக் கொளுக்கியைத் தேடிப் பூட்டுகிற செருப்பு சரிவராது. அதிலும் சீலை உடுத்து, கையில் அர்ச்சனைத் தட்டும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அப்புறம் மணல். டச்சு விரிகுடாக் கரையில் மாலை நடை, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலோர விடுதிகளில் நடக்கிற வரவேற்புகள் என்று கால் எப்படியும் மணலில்தான் போய் நிற்கும். கச்சான் வீசுகிற மாதங்களில் தார் வீதி கொதிக்கும், மலிவாக ஒட்டப்பட்ட அடிப்பாகம் அந்தச் சூட்டில் வாய் பிளக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவ மழை. வருஷம் முழுக்க உப்புக் காற்று. இந்த ஐந்தையும் தாங்கி, அதற்கு மேல் அழகாகவும் இருக்க வேண்டும்.

கூர்க்குதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அழகில் அதற்கு நிகரில்லை. 1950களில் குதிக்குள் உலோகத் தண்டு வைக்கும் முறை வந்த பிறகுதான் விரல் தடிப்புக் கூட இல்லாத ஒரு குதி முழு உடம்பையும் தாங்க முடிந்தது. அது வந்த பிறகு பெண்ணின் நிற்கும் விதமே மாறிப் போனது. முதுகு நிமிரும், சீலையின் கொய்யகம் நேராக இறங்கும். ஆனால் அந்த ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவான முனையில் உடம்பின் பாரம் இறங்கினால் மணலில் புதையும், வடிகான் மூடியின் இடுக்கில் மாட்டும், கல் பதித்த முற்றத்தில் தடுக்கும். வாகனத்தில் இறங்கி நேரே குளிரூட்டிய மண்டபத்துக்குள் போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். ஒரே சோடி வாங்குகிறவர்களுக்குப் பொருந்தாது.

வெட்ஜ் என்கிற முழு அடிக் குதி இதற்கு நேர் எதிர். 1930களில் இத்தாலியில் சப்பாத்தின் வளைவைத் தாங்குகிற நல்ல உருக்கு கிடைக்காமல் போனபோது, சல்வத்தோரே பெரகாமோ என்ற சப்பாத்துக் கலைஞர் தக்கையை அடுக்கி, குதிக்கும் பாதத்துக்கும் இடையிலிருந்த வெளியையே நிரப்பினார். பாரம் குறைந்த, உறுதியான ஒரு புது வடிவம் பிறந்தது. மணலில் இது புதையாது. நீளப் பாவாடைக்கும், குர்த்திக்கும், அபாயாவுக்கும் அருமையாக இருக்கும். பட்டுச் சீலையின் கீழே மட்டும் கொஞ்சம் பாரமாகத் தெரியும். கயிறு சுற்றிய அடி உள்ள வெட்ஜை மட்டும் இந்த ஊரில் தவிருங்கள். மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காய்வதற்குள் மணக்கத் தொடங்கும்.

அபாயாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலிருந்து வருகிற என் தோழிகளைப் பார்த்துத்தான் சின்னப் பொருட்களின் பலம் எனக்கு முழுதாகப் புரிந்தது. உடுப்பு ஒரே கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறத் தோல் சப்பாத்து, அதே நிறத்தில் பை, மெல்லிய மணிக்கூடு. மூன்றே பொருள். மண்டபத்தில் அதிகம் உடுத்து வந்தவர்களை விட அவர்கள்தான் கண்ணில் நிற்பார்கள். பின்னணி அமைதியாக இருக்கும்போது சப்பாத்தும் பையும் எவ்வளவு பேசும் என்று அங்கே படிக்கலாம்.

தட்டையான செருப்புகளில் கோலாப்பூரிக்குத்தான் என் மனம் இளகும். மரப்பட்டை, காய் போன்றவற்றால் பதனிட்ட தோல், கையால் பின்னிய வார், ஆணி அடிக்காமல் தைத்த அடி. மகாராஷ்டிர, கர்நாடக மாநிலங்களின் சில மாவட்டங்களில் செய்கிற இந்தச் செருப்புக்கு 2019இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. மருதமுனைக் கைத்தறிச் சீலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. இரண்டிலும் கைவேலை தெரியும், இரண்டும் பளபளக்காது. கோவிலில் ஒரு நொடியில் கழற்றலாம். மணலைத் தட்டிவிட்டால் போதும். முதல் சில நாள் வார் கடிக்கும். பிறகு உங்கள் பாதத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் இதையே வாங்கலாமே என்று தோன்றும். இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று மழை. அசல் கோலாப்பூரியின் அடியும் தோல்தான். ஒரு நல்ல மழையில் ஊறினால் வீங்கி, காய்ந்ததும் வளைந்து போகும், நனைந்த மாபிளில் வழுக்கவும் செய்யும். மற்றது பட்டு. கரை கனத்த பட்டுச் சீலை தட்டையான செருப்போடு தரையில் இழுபடும், இல்லாவிட்டால் தூக்கிக் கட்ட வேண்டி வரும். இரண்டுமே கொய்யகத்தின் அழகைக் கெடுக்கும். கடைகளில் கோலாப்பூரி மாதிரி என்று தொங்குகிற பலவும் செயற்கைத் தோல்தான். விளிம்பைப் பாருங்கள்: வெட்டிய இடத்தில் நார் தெரிந்தால் தோல், துணியும் அதன் மேல் மெல்லிய படலமும் தெரிந்தால் தோல் அல்ல. தெரிந்து மலிவு விலைக்கு வாங்கினால் தவறில்லை, தோல் விலைக்கு வாங்காதீர்கள்.

பூ வேலை செய்த ஜுத்தி, அதாவது முன்பக்கம் மூடிய வட இந்தியத் தட்டைச் செருப்பு, சாமத்திய வீட்டுக்கும் மருதோண்டி இரவுக்கும் அழகு. மூடிய முன்பகுதிக்குள் மணல் புகும், சரிகை இந்தக் காற்றில் சீக்கிரம் மங்கும். வெள்ளை ஸ்னீக்கரைச் சீலைக்குப் போடுகிற இளம் பெண்களை எனக்குப் பிடிக்கும், பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நியாயமான தெரிவும் கூட. கோவில் வாசலில் லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, ஒரே ஒரு சோடி என்றால் நான் கட்டைக்குதியைத்தான் சொல்வேன். உயரம் இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்ரிமீற்றர் அளவு. குதியின் அடி ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்காவது இருக்க வேண்டும். பாரம் பரந்து இறங்குவதால் இறுகிய மணலில் நடக்கலாம், கல் முற்றத்தில் ஆடாமல் நிற்கலாம். குதி உயர உயரப் பாரம் முன்பாதத்துக்குத் தள்ளப்படும் என்பதால் மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் பந்தி முடிவதற்குள் விரல்கள் வலிக்கத் தொடங்கும். இரண்டு அங்குலம் சீலையின் கரையைத் தரையிலிருந்து தூக்குவதற்குப் போதும். முழு நாளும் நிற்கவும் முடியும்.

வாரின் அமைப்பு குதியை விட முக்கியம் என்றே சொல்வேன். கணுக்காலைச் சுற்றிப் பூட்டுகிற வார் படத்தில் அழகாக இருக்கும், கோவிலில் உபத்திரவம். பின்வாரே இல்லாமல் நுழைக்கிற வகை படியிறங்கும்போது குதியில் தட்டி ஓசை எழுப்பும், வழுக்கியும் விழலாம். குதிக்குப் பின்னால் இலாஸ்டிக் வைத்த வார் உள்ளதைத் தேடுங்கள். நின்றபடியே ஒரு விரலால் இழுத்துவிட்டுக் கழற்றலாம், அப்படியே போடலாம். முன்பகுதி திறந்திருந்தால் நல்லது. இந்த வெக்கையில் கால் மூச்சு விடும், மணல் புகுந்தாலும் தானாக வெளியேறும்.

நிறத்தில் பெரும்பாலானவர்கள் கறுப்புக்குப் போகிறார்கள். அலுவலகக் காற்சட்டைக்குக் கறுப்புச் சரிதான். ஆனால் மஞ்சள், பச்சை, அரக்கு என்று நாம் உடுத்துகிற பட்டின் கீழே கறுப்பு ஒரு வெட்டுப் போலத் தெரியும், கால் குட்டையாகவும் தெரியும். கபில நிறம் நம் தோலின் நிறத்தோடு சேர்ந்து போவதால் கால் நீண்டு காட்டும், வேலைக்கும் பொருந்தும். மினுக்கம் குறைந்த பழம்பொன் நிறம் கலியாணத்துக்கும் வேலைக்கும் இரண்டுக்கும் போகும். சீலைகளின் சரிகையோடும், நாம் எப்போதும் போட்டிருக்கும் காப்போடும் கொடியோடும் ஒத்துப் போவதே அதன் பலம். ஒரு சோடியென்றால் பழம்பொன். வேலைக்கு மட்டும் என்றால் கபிலம்.

இந்தப் பொன் விஷயம் பையிலும் தொடரும். நம்மில் பலர் தங்கத்தைக் கழற்றுவதே இல்லை. காது, கழுத்து, கை எல்லாம் மஞ்சள் பொன்னாக இருக்கும்போது வெள்ளி நிறக் கொளுக்கியும் சங்கிலியும் உள்ள பையைத் தூக்கினால் ஏதோ ஒன்று சேராமல் நிற்கும், என்னவென்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. பை, சப்பாத்து, மணிக்கூடு மூன்றின் உலோக நிறத்தையும் உங்கள் நகையோடு சேர்த்துப் பாருங்கள். தோலின் நிறம் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே நிறத்தில் பொருத்தி வாங்குகிற பெட்டிச் செட்டு எனக்குப் பிடிப்பதில்லை, அதில் அணிபவரின் ரசனை தெரியாது.

சப்பாத்து வாங்கிய பிறகு மிச்சக் காசு எதற்கு? பை, மணிக்கூடு, தோடு மூன்றில் நான் பையைத் தெரிவு செய்வேன். தோடு அநேகமாக வீட்டில் இருக்கும். மணிக்கூட்டைப் பிறகு வாங்கலாம், அம்மாவின் பழைய மணிக்கூட்டுக்குப் புதுத் தோல் வார் போட்டால் கடையில் இருப்பதை விட அழகாக வரும். ஆனால் சுப்பர் மார்க்கெட் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனால் நல்ல சப்பாத்தின் உழைப்பு வீணாகும். தொலைபேசி, சின்னப் பணப்பை, கைக்குட்டை, கலியாண வீட்டு மொய் உறை இவ்வளவும் அடங்குகிற நடுத்தர அளவு, கழற்றக்கூடிய நீள வார், அரக்கு அல்லது கடும் பச்சை நிறம். வாரைக் கழற்றினால் விருந்துக்கு, மாட்டினால் ஸ்கூட்டியில் வேலைக்கு.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டு வேட்டி கட்டி ஓட்டச் சப்பாத்துப் போடுவதை விட, கடும் கபிலத்தில் இரண்டு வார் வைத்த ஒரு எளிய தோல் செருப்பு வேட்டியின் மரியாதையைக் காப்பாற்றும். கோவிலுக்கும் அதுதான் வசதி.

எங்கே வாங்குவது? மத்திய வீதியிலும் வடகரை வீதியிலும் கடைகள் இருக்கின்றன, பாட்டா, டி.எஸ்.ஐ. போன்ற பெரிய பெயர்களும் கிடைக்கும். தெரிவு கொழும்பை விடக் குறைவு. இணையத்தில் தெரிவு அதிகம், ஆனால் சப்பாத்து என்பது போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருள். முதல் சோடியை இங்கேயே, காலை வைத்துப் பார்த்து வாங்குங்கள். உங்கள் அளவும் எந்த நிறுவனத்தின் அச்சு உங்களுக்குச் சரி என்பதும் தெரிந்த பிறகு இணையத்துக்குப் போகலாம். பொழுதுபட்ட பிறகு கடைக்குப் போங்கள், பகலெல்லாம் நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலில் பெரியது எதுவோ அதற்கு அளவு எடுங்கள். மேசையில் வைத்துக் குதியைச் சுண்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. முன்னும் பின்னும் பிடித்து மடித்தால் விரல்கள் மடிகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தையும் கொண்டு போங்கள். கொளுக்கியில் அது இறுகப் பிடித்தால் உள்ளே இரும்பு, இந்த உப்புக் காற்றில் மேற்பூச்சுப் போனதும் துருப்பிடிக்கும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை.

அடிப்பாகம் என்ன பொருள் என்றும் கேளுங்கள். பொலியூரித்தேன் அடி மெத்தென்று இருக்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பொருள் உள்ளுக்குள்ளேயே சிதையும். விசேஷத்துக்கு என்று பெட்டியில் பூட்டி வைத்த சப்பாத்தைச் சில வருஷம் கழித்து எடுக்கும்போது அடி பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். ரப்பர் அடி கொஞ்சம் பாரம், நீடித்து உழைக்கும், நனைந்த தரையிலும் பிடிக்கும். அடி தைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒட்டியது மட்டும் என்றால், வாங்கியவுடனேயே செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றி ஒரு தையல் போடச் சொல்லுங்கள், செலவு கொஞ்சம்தான்.

வீட்டில் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய தலையணை உறை போதும், சப்பாத்துக்குள் கசக்கிய பத்திரிகைத் தாள். கடற்கரைக்குப் போய் வந்தால் ஈரத் துணியால் உப்பைத் துடைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். கிழமைக்கு ஒரு தடவையாவது போட்டு நடவுங்கள்.

கோவிலில் களவு போகும் என்ற பயத்தில் நல்ல செருப்பைப் போடாமல் இருப்பவர்கள் நிறைய. மடித்து வைக்கிற ஒரு துணிப்பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டால் பிரச்சினை முடிந்தது. செருப்பு வைக்கிற இடத்தில் பையோடு கொடுத்தால் மற்றவர்களுடையதோடு மாறாது.

கலியாணத்துக்குச் சீலை கட்டுவிக்கும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கொய்யகத்தின் நீளம் அந்தக் குதிக்குத்தான் எடுக்கப்பட வேண்டும். என் தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன். அவள் பழம்பொன்னில் கட்டைக்குதி எடுத்திருக்கிறாள், சீலை அம்மாவினுடையது.

இரண்டாவது சோடிக்குக் காசு சேர்ந்தால் கோலாப்பூரி வாங்குங்கள், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்க வேண்டாம். மழை விட்டு, தைப்பொங்கல் கழிந்த பிறகு வாங்கினால் அடுத்த மழைக்குள் அது உங்கள் காலுக்குப் பழகிவிடும்.